தொட்டியின் அடியில் கிடந்தது: ஒரு பாய்மரப் படகின் ஹைட்ராலிக் பழுது

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகல். மும்பைத் துறைமுகத்தில் கடற்காற்று நன்றாக எழுந்திருந்தது. பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் பின்கம்பியை இறுக்க, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பம்பை அடித்து, கேஜ் முள்ளை 2,000 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 1,200. மீண்டும் அடித்தேன், மீண்டும் இறங்கியது. அந்த முள்ளுக்குப் பின்னால் ஏழு வாரம் அலைந்தோம். மூன்று முறை பிரித்து, அதில் இரண்டு முறை வீணாகச் சேர்த்தோம். கோளாறுக்கான சாட்சியம் முதல் வாரமே கைக்கு வந்துவிட்டது, அதை நானே குப்பையில் போட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

படகு முப்பதடி நீளம். மூன்று பேர் சேர்ந்து பழையதாக வாங்கியது. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு முன்னால் மிதவையில் கட்டிக் கிடக்கும். கூட்டாளிகளில் ஒருவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். இன்னொருவர் செம்பூரில் என் பக்கத்துக் கட்டடக்காரர். நான் தூத்துக்குடி. எங்கள் ஊரில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். மும்பையில் அந்தச் சொற்களுக்கு வேலையில்லைதான். ஆனாலும் எங்கள் மூவருக்குள் அவைதான் புழங்குகின்றன.

பாய்மரத்தின் உச்சியிலிருந்து அணியத்துக்கு ஒரு கம்பி, அமரத்துக்கு ஒரு கம்பி. பேக்ஸ்டே என்கிற பின்கம்பியை இறுக்கினால் மரத்தின் உச்சி பின்னால் சாய்ந்து முன்கம்பி விறைக்கும். முன்பாய் அந்த முன்கம்பியில்தான் தொங்குகிறது. கம்பி தொய்ந்தால் பாய் தொப்பை போடும். காற்று வலுக்க வலுக்கப் படகு சாயுமே தவிர, காற்றை எதிர்த்து ஏறாது. அன்று நடந்தது அதுதான். சாதாரணப் படகுகளில் இந்த வேலையைத் திருகு ஒன்று செய்யும். எங்கள் படகில் முந்தைய உரிமையாளர் ஒரு அமெரிக்க ஹைட்ராலிக் சிலிண்டரைப் பொருத்தியிருந்தார். சுக்கான் அருகே பம்பும் கேஜும் எண்ணெய்த் தொட்டியும் ஒரே பலகையில். அங்கிருந்து ஒரு ஹோஸ் அமரத்தில் நிற்கும் சிலிண்டருக்குப் போகும்.

சிலிண்டரின் உள்விட்டம் ஒன்றரை அங்குலம், பிஸ்டனோடு சேர்ந்து உள்ளும் வெளியும் நகரும் கோலான ராடு ஐந்தில் எட்டு அல்ல, எட்டில் ஐந்து அங்குலம். (இதை நான் ஒருமுறை மாற்றிச் சொல்லி, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்ததுண்டு.) இது இழுக்கும் சிலிண்டர் என்பதால் எண்ணெய் ராடு இருக்கும் பக்கத்தில்தான் நிற்கும். ராடின் பரப்பைக் கழித்தால் மிச்சம் 1.46 சதுர அங்குலம். 2,000 பிஎஸ்ஐயில் அது சுமார் 2,920 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,320 கிலோ. உள்ளங்கை அகலமுள்ள கேஜ் ஒன்றேகால் டன்னுக்கும் மேலான இழுப்பைக் காட்டுகிறது. பின்கம்பி 7 மில்லிமீட்டர். அறுபடும் எடை நான்கு டன் அளவில். மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறோம் என்பதால் கவலை இல்லை. ஆனால் பிரிக்கப் போகிறவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது குழாயும் ரப்பர் வளையமும் என்று நினைத்தால் அது வேறு பாடம் கற்பிக்கும்.

முதல் தவறு என்னுடையது. ராடில் எண்ணெய்க் கசிவு இல்லை. தளத்தில் சொட்டு இல்லை. வெளியே வராத எண்ணெய் உள்ளேயே திரும்பி ஓடுகிறது; அப்படியென்றால் அழுத்தத்தை இறக்கி எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் ரிலீஸ் வால்வு சரியாக மூடவில்லை என்று முடிவு கட்டினேன். வால்வைக் கழற்றினேன். அதன் ஊசிமுனை பளபளப்பாக இருந்தது. தண்டில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டும் வர மறுத்தது. பள்ளத்தில் பிதுங்கி, சோற்றுப் பருக்கை போல மெத்தென்று இருந்தது. நெம்பி எடுத்து, பழசு என்று எறிந்துவிட்டு, கைவசம் இருந்த புதியதைப் போட்டு மூடினேன். இன்னொன்றையும் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை: பம்பின் கைப்பிடி சில மாதங்களாகவே கனத்துப் போயிருந்தது. உப்புக் காற்று என்று விட்டுவிட்டோம். மும்பையில் எதற்கெடுத்தாலும் உப்புக் காற்றின் மேல் பழி போட்டுவிடலாம். அது மறுத்துப் பேசாது.

அடுத்த ஞாயிறும் முள் இறங்கியது.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையை அதன் பிறகுதான் செய்தோம். பம்பிலிருந்து ஹோஸைக் கழற்றி, பம்பின் வாயை அடைப்பான் போட்டு மூடிவிட்டு அழுத்தம் ஏற்றுவது. கேஜ் பம்பின் பக்கம் இருக்கிறது. முள் நின்றால் பம்ப் நிரபராதி, இறங்கினால் குற்றவாளி. பத்து நிமிட வேலை. அந்த அடைப்பானுக்காக நாக்தேவி தெருவில் ஒரு மதியம் போயிற்று. மஸ்ஜித் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் வரும் அந்தத் தெருவில் பேரிங், சீல், ஸ்பானர், வால்வு என்று இரும்பில் இல்லாதது இல்லை. கால் அங்குல அடைப்பான் கேட்டால் பத்துக் கடையிலும் எடுத்து நீட்டுவது பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பி மரை. எங்கள் பம்பில் இருப்பது அமெரிக்க அளவான என்பிடி மரை. பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 19 மரை, என்பிடியில் 18. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், மூன்றாவதில் பிடிக்கும். அந்த இடத்தில் பலம் காட்டினால் பம்பின் வாய் போய்விடும். மரை அளவி வைத்து அளந்து, பதினோராவது கடையில் சரியானது கிடைத்தது.

பம்ப் 2,000இல் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் காத்திருந்து தேநீரும் குடித்தோம். பம்ப் நிரபராதி, சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் அந்தப் பக்கம் போன எண்ணெய் எங்கே? பிஸ்டனின் வறண்ட பக்கத்துக்குக் காற்றுப் போக ஒரு ஊசித்துளை உண்டு. அதன் வழியே சொட்டியிருக்க வேண்டும். துளையைத் தேடிப் பார்த்தால் உப்பும் பழைய கிரீசும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. எண்ணெய் வெளியே வராததற்குக் காரணம் அதுதான். கசிவு இல்லை என்ற என் முதல் துப்பே பொய்த் துப்பு.

கழற்றுவதற்கு ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்தோம். எலிஃபண்டா தீவின் குகைகளுக்குத் திங்களன்று விடுமுறை. அங்கே ஆட்களை ஏற்றிப் போகும் லாஞ்சுகள் எழுப்பும் அலை இருக்காது. மாண்ட்வா போகும் படகுகள் உண்டு என்றாலும் காலை ஏழு மணிக்குத் துறைமுகம் ஓரளவு அமைதியாகத்தான் இருக்கும். பின்கம்பி இல்லாமல் மரம் நிற்கும் நேரத்தில் ஆட்டம் குறைய வேண்டும். பெரிய பாயை ஏற்றும் கயிறு, பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் என்ற கட்டையைத் தாங்கும் கயிறு இரண்டையும் அமரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மூலையிலும் கட்டி, கயிறு சுற்றும் உருளையான வின்சில் இறுக்கி மரத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டோம். அதற்கு முன்பே ரிலீஸ் வால்வைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததை மூவரும் தனித்தனியாகப் பார்த்தோம். அப்புறம்தான் சிலிண்டரைப் பின்கம்பியோடு பிணைக்கும் ஊசியை உருவினோம். மரம் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. எனக்குத்தான் கொஞ்சம் மூச்சு நின்றது.

சிலிண்டரைத் திறப்பது தனிக் கதை. குழாய் எவர்சில்வர், ராடு நுழையும் மூடி அலுமினியம். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் அலுமினியம் மெல்ல மெல்ல வெள்ளைப் பொடியாகி மரைகளுக்குள் சிமென்ட் போல இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெய் அடித்து மூன்று நாள் ஊறவைத்தும் மூடி அசையவில்லை. மாட்டுங்கா நண்பர் பெரிய பைப் ரெஞ்சோடு வந்தார். நல்ல வேளையாக அதற்கு முன் அதைத் தாராவியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சியின் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பைப் ரெஞ்சை மட்டும் வைத்துவிடாதீர்கள், தம்பி. குழாய் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அப்புறம் எந்த ரிங் போட்டாலும் நிற்காது" என்றார். மூடியின் முகத்தில் எதிரெதிரே இரண்டு குருட்டுத் துளைகள் இருந்தன. பழைய பட்டை இரும்பு ஒன்றில் அவற்றுக்குப் பொருந்தும்படி இரண்டு முளைகளை வைத்து அரை மணி நேரத்தில் ஒரு சாவி செய்து கொடுத்தார். குழாயின் வெளிப்புறத்தை ஹாட் ஏர் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, சாவியை மாட்டி, சுத்தியலால் ஒரு தட்டு. சூட்டில் அலுமினியம்தான் அதிகம் விரியும். ஆகவே சூடு மூடிக்குப் போவதற்குள் தட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றாவது தட்டில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில தயாரிப்புகளில் வறண்ட பக்கத்தில் அழுத்தமேற்றிய வாயு இருக்கும். அதை வெளியேற்றாமல் மூடியைத் திருகினால் ராடு துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். எங்களுடையது அந்த வகை அல்ல என்று தெரிந்த பிறகே தொட்டோம். அப்படியும் துளை அடைபட்டுக் கிடந்ததால் உள்ளே அழுத்தம் இருக்கலாம் என்று, துளையை முதலில் குத்தித் திறந்து, ராடின் நேரே யாரும் நிற்காமல், கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் கழற்றினோம்.

வறண்ட பக்கத்திலிருந்து ஒரு கட்டிங் சாய் கிளாஸ் அளவு எண்ணெய் கொட்டியது. பிஸ்டனில் இருந்த ஓ-ரிங் தன் பள்ளத்தை விட்டு எழும்பி, ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. வெர்னியரில் பிடித்தேன். அமெரிக்க அளவில் இந்த வளையத்தின் கனம் 0.139 அங்குலம், அதாவது 3.53 மில்லிமீட்டர். இது 3.9 காட்டியது. தேய்ந்திருந்தால் மெலிந்திருக்க வேண்டும். இது பருத்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாகத் திரும்புகிறது. அந்த மெத்தென்ற தொடுகை எங்கேயோ பட்டதாயிற்றே என்று விரல் சொன்னது. ரிலீஸ் வால்வுத் தண்டில் இருந்து நெம்பி எடுத்து எறிந்த அதே தொடுகை.

அப்போதும் நான் நின்று யோசிக்கவில்லை. வயதான ரப்பர் என்று எண்ணி, புதிய ரிங் வாங்கிச் சேர்க்கும் அவசரம்தான் இருந்தது. நாக்தேவியில் நைட்ரைல் ரப்பரில் 90 ஷோர் கடினத்தில் வாங்கினேன். பொதுவாகக் கிடைக்கும் 70 இவ்வளவு அழுத்தத்துக்கு இளகல். 3.5 மில்லிமீட்டர் மெட்ரிக் வளையத்தைக் கடைக்காரர் நீட்டினார். கனம் கிட்டத்தட்டச் சரி, உள்விட்டம் சேரவில்லை. அமெரிக்க எண் சொல்லித் தேடியெடுக்க வைத்தேன். ரிங்குகளுக்கு ஆன மொத்தச் செலவு எங்கள் மூவரின் மதியச் சாப்பாட்டைவிடக் குறைவு. குழாயின் உட்புறத்தில் நகத்தில் தட்டும் கீறல் எதுவும் இல்லை. ராடில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு மூன்று அரிப்புக் குழிகள். ஆயிரம் எண் எமரி தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றிவரத் தேய்த்து விளிம்புகளை மழுக்கினேன். பால் பாக்கெட் பிளாஸ்டிக்கை வெட்டி மரைகளின் மேல் சுற்றி, அதன் மேல் வளையத்தை வழுக்கி உள்ளே அனுப்பினேன். அது இல்லாவிட்டால் மரையின் கூர் முனை புது வளையத்தை உள்ளே போகும்போதே அறுத்துவிடும்.

செம்பூர் வீட்டுப் பால்கனியில் சோதனை. ராடை முழுவதும் உள்ளே இழுத்து, பிஸ்டன் அடியில் முட்டி நிற்கும்படி வைத்து, காற்றை வெளியேற்றி, சிலிண்டரைச் சாக்கில் சுற்றி, பம்பை அறைக்குள் வைத்து அடித்தேன். 1,000இல் நின்றது. 1,500இலும் நின்றது. 2,000இல் கால் மணி நேரம் நின்றுவிட்டு நழுவ ஆரம்பித்தது. அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, என்ன சமையல் என்று கேட்டார். கசிவு எங்கே என்று பார்க்க நண்பர் சாக்கை விலக்கிக் கையை நீட்டினார், அதட்டி நிறுத்தினேன். இந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது, ஆனால் அது அறுவைச் சிகிச்சைக்கான அவசரம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும், விரலை அல்ல.

பிரித்தோம். புதிய ரிங்கின் ஒரு விளிம்பு சுற்றிலும் எலி கொறித்தது போல இருந்தது. இது வேறு நோய், இதற்கு மருத்துவரே காரணம். இவ்வளவு அழுத்தத்தில் ஓ-ரிங் தனியாக நிற்காது. பிஸ்டனுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் ரப்பர் பிதுங்கி அறுபடும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் டெஃப்லான் பேக்கப் ரிங். பழையதைக் கழற்றும்போது அது எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுக்கவில்லை. எண்ணெய் நேராக ரப்பரைத் தாக்காமல் காக்க வேண்டும் என்று எண்ணி எண்ணெய்ப் பக்கம் போட்டேன். அது தலைகீழ். எண்ணெய் ரப்பரைத் தள்ளிக்கொண்டு போவது மறுபக்கம். அந்த மறுபக்கச் சந்தைத்தான் டெஃப்லான் அடைக்க வேண்டும். விழுகிறவனைத் தாங்க முதுகுப் பக்கம் நிற்காமல் முன்னால் போய் நின்றது போல. மாற்றிப் போட்டேன். 2,000இல் அன்று இரவு முழுவதும் நின்றது. காலையில் குளிருக்குக் கொஞ்சம் இறங்கியிருந்த முள், வெயில் பால்கனிக்கு வந்ததும் ஏறிக்கொண்டது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நிறுத்தியது மாட்டுங்கா நண்பர். அவர் ரசாயனம் படித்தவர். மேசையில் கிடந்த பருத்த வளையத்தை எடுத்துப் பார்த்து, "இதில் இருக்க வேண்டிய கனிம எண்ணெயில் நைட்ரைல் ரப்பர் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கும், சார். இது ஏன் ஊறியிருக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. படகுக்குப் போய்த் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வைத்தோம். கால் மணி நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே தேன் நிறம்; அடியில் இரண்டு விரற்கடை வேறொரு தேன் நிறம், நடுவே கத்தியால் வெட்டியது போன்ற கோடு. அடியில் இருந்ததை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். எண்ணெயானால் மிதக்க வேண்டும். அது கரைந்து காணாமல் போனது.

பிரேக் ஆயில். பெயரில் ஆயில் உண்டு, பொருளில் இல்லை. காருக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் குடும்பத்தைச் சேர்ந்த திரவங்கள். அவற்றுக்கென்றே கார்களில் ஈபிடிஎம் போன்ற வேறு ரப்பர் போடுகிறார்கள். அந்த ரப்பரைக் கனிம எண்ணெய் ஊதவைக்கும். நைட்ரைலைப் பிரேக் ஆயில் ஊதவைக்கும். ஒன்றின் உணவு மற்றதற்கு விஷம். எண்ணெயைவிடக் கனமானதால் அது தொட்டியின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஊற்றியது கொஞ்சமே ஆனாலும் ஹோஸுக்கும் சிலிண்டருக்கும் முதலில் போனது அதுதான். பம்பின் கைப்பிடி கனத்ததும் இதனால்தான்: அதன் சீலும் வீங்கி, சுவரை இறுக்கியிருந்தது. பம்பில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது ஸ்டீல் குண்டும் உலோக இருக்கையும், அங்கே ரப்பருக்கு வேலை இல்லை. அதனால் அடைப்பான் சோதனையில் அது தேறிவிட்டது.

படகுகளைப் பார்த்துக்கொள்ளும் காகாவிடம் கேட்டோம். சென்ற தீபாவளிக்கு முன் எண்ணெய் குறைந்திருந்ததாகவும், கரையில் ஒருவர் கொடுத்த பாட்டிலில் இருந்து ஊற்றியதாகவும் மறைக்காமல் சொன்னார். "ஆயில் என்றுதானே எழுதியிருந்தது?" என்றார். நியாயமான கேள்வி. தொட்டி மூடியில் என்ன ஊற்ற வேண்டும் என்று நாங்கள் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

நான் அப்படியே சேர்த்திருந்தால் புது ரிங்குகளும் மழைக்காலத்துக்குள் பருத்திருக்கும். ஆகவே மூன்றாம் முறை எல்லாவற்றையும் பிரித்தோம். சுத்தமான எண்ணெயை ஊற்றிக் கழுவுவதில் பயனில்லை. கிளைக்கால் எண்ணெயில் கரையாது, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். ரப்பர் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தொட்டி, பம்ப், ஹோஸ், சிலிண்டர் எல்லாவற்றையும் அலசி, காற்றடித்து உலர்த்தி, அதன் பிறகே ஐஎஸ்ஓ விஜி 32 ஹைட்ராலிக் எண்ணெய். பம்பின் சீல்களையும் மாற்றினோம். மூடி மரைக்கு லானோலின் கிரீஸ். காற்றுத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்தோம்; இனி உள்ளே விட்டுக்கொடுத்தால் அது வெளியே சொல்லும். பால்கனிச் சோதனையில் பிஸ்டன் ஒரே இடத்தில்தான் நின்றது என்பதால், படகில் மாட்டிய பிறகு நடுப்பகுதியில் வைத்து மறுபடியும் பார்த்தோம். மார்ச் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு 2,000. பிற்பகல் இரண்டு மணிக்கு 1,950. முன்கம்பி வீணைத் தந்தி போல நின்றது. கைப்பிடியை இப்போது இரண்டு விரலால் அடிக்கலாம்.

ராடில் மட்டும், அந்த அரிப்புக் குழிகள் சீலைக் கடக்கும் இடத்தில், துடைத்தால் துணியில் தெரியும் அளவுக்கு ஈரம் இருக்கிறது. காகா சென்ற ஆண்டு தொட்டியை நிரப்ப நேர்ந்ததே இந்த ஈரத்தால்தான் இருக்க வேண்டும். மே கடைசியில் மழைக்காகப் படகைக் கரையேற்றி மரத்தை இறக்கும்போது ராடை அண்ணாச்சியிடம் கொண்டுபோக வேண்டும். தொட்டி மூடியில் மராத்தியிலும் தமிழிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். மராத்தி வரியைக் காகாவே எழுதினார். "பிரேக் ஆயில் வேண்டாம்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.